27 வாரம்: சோற்றை நிறுத்தியும் காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் இறங்கவில்லை

ஈஜிபுரா தோழி

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு ஈஜிபுராவில் இருக்கிறோம். முதல் குழந்தை, 27 வாரம் முடிந்திருக்கிறது. 25-ஆம் வாரம் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 158 வந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்லி, இரண்டு வாரம் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, வீட்டிலேயே விரலில் குத்திச் சுகர் பார்த்து எழுதி வரச் சொன்னார்கள். எதைச் சாப்பிடுவது என்று விளக்க யாருக்கும் நேரம் இல்லை, ஒரு அச்சடித்த தாள்தான் கிடைத்தது.

அன்றே சோற்றை நிறுத்திவிட்டேன். மதியமும் இரவும் இரண்டு சப்பாத்தி, கூட்டு, கீரை. காலையில் ஒரு பெரிய டம்ளர் ராகி மால்ட், அதோடு சத்து மாத்திரைகள். வேறு எதுவும் இல்லை.

வெறும் வயிற்றில் 84, 88, 86 என்று நன்றாகத்தான் இருக்கிறது. மதியம் 112, 118. இரவு 115. காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் 146, 151, 139. நேற்று சாயங்காலம் 214 காட்டியது! இரவு முழுக்கத் தூக்கமில்லை. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும், இன்சுலின் பேச்சு வரும் என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு வளைகாப்பு வேறு. அன்றைக்குக் குளுக்கோஸ் குடிக்கும் முன் நான் இட்லி சாப்பிட்டிருந்தேன், அந்த டெஸ்டே தப்பாக இருக்குமோ? நான் என்ன தவறு செய்கிறேன்?

ஜீவன்பீமாநகர் வாசகி

ராகியை விட்டுவிடாதீர்கள் தோழி, சர்க்கரைக்கு ராகிதான் நல்லது. ராகி குடித்துமே ஏறுகிறது என்றால் இரவுச் சாப்பாட்டையும் நிறுத்திப் பாருங்கள். என் நாத்தனார் அப்படித்தான் குறைத்தார்.

ஓய்வுபெற்ற நர்ஸ், காக்ஸ் டவுன்

இரவுச் சாப்பாட்டை நிறுத்தவே கூடாது அம்மா. மேலே எழுதியவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைக்க ஆரம்பித்துச் சிறுநீரில் கீட்டோன் என்கிற கழிவு வரும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அது வேண்டவே வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று தடவை சின்னதாக ஏதாவது, இதுதான் சரி.

டெஸ்ட் தப்பில்லை. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வது நம் நாட்டு முறை. வெறும் வயிற்றோடு திரும்பவும் வரச் சொன்னால் பாதிப் பெண்கள் வர மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியாதா? இதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் இங்கே கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் எண்கள். பொதுவாக வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுக்குக் காலை வேளை ஒன்றுதான் இடிக்கிறது. மூன்று விஷயம் கேட்கிறேன். நேரத்தை எப்போதிலிருந்து கணக்கு வைக்கிறீர்கள்? அந்த ராகி மால்ட் எப்படிச் செய்கிறீர்கள்? 214 வந்தபோது அதற்குச் சற்று முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

ஈஜிபுரா தோழி

அக்கா, ஆபீஸ் கேப் 9:15-க்கு வந்துவிடும். அதனால் சில நாள் ஒரு மணி நேரத்திலேயே குத்திவிடுவேன். நேரம் எழுதி வைக்கவில்லை. ராகி மால்ட் கடையில் வாங்கிய பாக்கெட், பாலில் காய்ச்சி ஒரு ஸ்பூன் வெல்லம் போடுவோம். 214 வந்த அன்று வீட்டுக்காரருக்குப் பழம் நறுக்கிக் கொடுத்தேன், மாம்பழ சீசன் இல்லையா. நான் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை, சத்தியமாக. துண்டில் கையைத் துடைத்துவிட்டு, விரலை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்துக் குத்தினேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ், காக்ஸ் டவுன்

நீங்கள் சாப்பிடவில்லை, உங்கள் விரல் சாப்பிட்டிருக்கிறது! மீட்டரில் செருகுகிற ஸ்ட்ரிப் உறிஞ்சுவது ஒரு கடுகளவு ரத்தம். விரல் நுனியில் மாம்பழச் சாறு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் மீட்டர் அதையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஸ்பிரிட் பஞ்சு அதை முழுதாக எடுக்காது. சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். தூக்கிவாரிப் போடுகிற எண் வந்தால் கையைக் கழுவிவிட்டு உடனே இன்னொரு தடவை பாருங்கள். இரண்டாவதும் அப்படியே வந்தால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டியதுதான்.

முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து கணக்கு. ஒரு மணி நேரத்தில் பார்த்தால் பக்கத்தில் 1 என்று எழுதுங்கள், இரண்டு என்றால் 2. உங்கள் 139 ஒரு மணி நேரத்தில் வந்திருந்தால் அது எல்லைக்குள், இரண்டு மணி நேரத்தில் வந்திருந்தால் அதிகம். எது என்று தெரியாமல் டாக்டர் எதை வைத்து மருந்து முடிவு செய்வார்?

அப்புறம் ராகி. நல்ல தானியம்தான், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் முளைகட்டி, வறுத்து, மாவாக அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சினால் வயிற்றுக்கு வேலையே இல்லாமல் ரத்தத்தில் போய்ச் சேர்ந்துவிடும். முளைகட்டும்போதே மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையாக உடையத் தொடங்கிவிடுகிறது. பாக்கெட்டில் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று பின்பக்கம் படித்துப் பாருங்கள். மேலே வெல்லம் வேறு. வெல்லமும் சர்க்கரைதான் அம்மா, நிறம் மட்டும் வேறு. போதாததற்குக் காலை நேரத்தில் பொதுவாகவே கர்ப்பிணிகளுக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாது.

நாளையிலிருந்து இரண்டு இட்லி, பருப்பு கெட்டியாக இருக்கிற சாம்பார், ஒரு வேகவைத்த முட்டை. முட்டை ஆகாது என்றால் பச்சைப்பயறு தோசை, அடை. கேப் வரும்வரை வீட்டுக்குள்ளேயே ஒரு கால் மணி நேரம் நடங்கள். மதியம் ஒரு கப் சோறு தாராளமாகச் சாப்பிடலாம். முதலில் கறிகாயும் பருப்பும் பாதி வயிற்றுக்கு, கடைசியில் சோறு.

இன்னொன்று கண்ணில் பட்டது. மாத்திரைகளை மால்ட்டோடு சேர்த்து விழுங்குகிறீர்களே, இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் போட்டால் உடம்பில் சரியாக ஒட்டாது. காபி, டீயும் அப்படித்தான். இரண்டுக்கும் சில மணி நேர இடைவெளி விடுங்கள்.

அல்சூர் அம்மா

தோழி, இன்சுலின் என்றதும் நானும் அழுதேன். எனக்கு 31-ஆம் வாரத்தில் வெறும் வயிற்றுச் சுகரே 102-க்கு ஏறிவிட்டது. எவ்வளவோ பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டும் இறங்கவில்லை. என் மாமியார், "நீ ராத்திரி ஏதோ திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாய்" என்றார். அந்த வார்த்தைதான் ஊசியைவிட வலித்தது. பிறகு என் டாக்டர் அவரையே உட்கார வைத்துச் சொன்னார்: நஞ்சுக்கொடியிலிருந்து வருகிற ஹார்மோன்கள்தான் தாயின் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன, மாதம் ஏற ஏற அதுவும் ஏறும், இவள் தப்பு இதில் ஒன்றுமில்லை என்று.

தாயின் ரத்தத்திலிருக்கிற சர்க்கரை குழந்தைக்குப் போகும். ஊசியில் போடுகிற இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகாது என்று சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. தொடையில் போட்டுக்கொள்வேன், எறும்பு கடித்த மாதிரி இருக்கும். மருந்தை ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். சிலருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் கொடுப்பதுண்டு. எது என்பது டாக்டர் முடிவு.

வளைகாப்புக்கு என் அனுபவம்: கலவை சாதம் ஐந்தும் ஒவ்வொரு கரண்டி வைத்தால் மொத்தம் ஒரு கப்புக்கு மேல் போய்விடும். உங்களுக்குப் பிடித்த இரண்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் சுண்டலும் பொரியலும். சர்க்கரைப் பொங்கல் சாஸ்திரத்துக்கு ஒரு விரல். நலங்கு வைக்க வருகிற ஒவ்வொரு அத்தையும் வாயில் ஏதாவது ஊட்ட வருவார்கள், அதனால் முன்னாடியே உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

ஈஜிபுரா தோழி (6 நாள் கழித்து)

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பார்க்க ஆரம்பித்த பிறகு 200 பக்கமே போகவில்லை. இட்லி, முட்டை, நடை என்று மாற்றியதும் காலையில் இரண்டு மணி நேர அளவு 117, 114, 121, 116. டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இப்போதைக்கு மருந்து வேண்டாம், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். மதியம் சோறு சாப்பிட்டேன். இரண்டு வாரத்துக்கு அப்புறம் ரசம் சாதம், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற நர்ஸ், காக்ஸ் டவுன்

சந்தோஷம். மாதம் ஏறும்போது எண்ணும் ஏறலாம். அப்போது மருந்து சொன்னால் மனதைத் தளர விடாதீர்கள். பிள்ளை அசைவை தினமும் கவனியுங்கள். வழக்கத்தைவிடக் குறைந்தாற்போல் தோன்றினால் காலை வரை காத்திருக்காமல் ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செலவு கஷ்டமாக இருந்தால் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு, கர்ப்பப் பதிவு அட்டையான தாய் கார்டை எடுத்துக்கொண்டு போகலாம்.

ஈஜிபுரா தோழி (நான்கு மாதத்துக்கும் மேல் கழித்து)

பெண் குழந்தை, 3.1 கிலோ. 34-ஆம் வாரத்திலிருந்து இரவில் மட்டும் கொஞ்சம் இன்சுலின் போட்டேன். பிறந்ததும் அவள் குதிகாலில் குத்திச் சுகர் பார்த்தார்கள், எனக்குப் பதறிவிட்டது. வயிற்றுக்குள் கூடுதல் சர்க்கரைக்குப் பழகிய குழந்தையின் உடம்பு இன்சுலினை நிறையச் சுரக்கும், தொப்புள் கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்று அளவு இறங்கிவிடலாம், அதற்காகத்தான் பார்க்கிறோம் என்றார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்தேன், எல்லாம் சரியாக இருந்தது. 6 வாரம் கழித்து எனக்குத் திரும்பக் குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் 87, இரண்டு மணியில் 119. இனிமேல் பார்க்க வேண்டாம் இல்லையா அக்கா?

ஓய்வுபெற்ற நர்ஸ், காக்ஸ் டவுன்

பார்க்க வேண்டும் அம்மா. கர்ப்பத்தில் ஒரு தடவை வந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம். பாப்பாவின் பிறந்த நாள் வருகிற மாதம் வருடா வருடம் ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிடுங்கள். அடுத்த குழந்தைக்கு யோசிக்கும்போது முன்னாடியே பார்த்துவிடுங்கள். மீதியிருக்கிற ஸ்ட்ரிப் பாட்டிலில் தேதி பாருங்கள், திறந்து மாதக்கணக்கில் ஆனதை நம்ப வேண்டாம்.