பின்புற டிஃப்யூசர் பொருத்துதல்: துளையிடும் முன் ஓர் ஐயம்

கேள்வி:
என் ஸ்போர்ட்ஸ் காருக்காக வாங்கிய கார்பன் ஃபைபர் டிஃப்யூசரை, அதாவது காரின் அடியில் ஓடும் காற்றைச் சீராக வெளியேற்றும் பின்புறத் தகட்டை, பம்பரின் அடியில் வைத்துப் பார்த்தபோது, இடப்பக்கம் கச்சிதமாக அமர்ந்தாலும் வலப்பக்கத்தில் 4 மி.மீ. இடைவெளி தெரிகிறது. போல்ட்டை இறுக்கியே அதைச் சேர்த்துவிடலாமா?

பதில் 1:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வளைத்து இறுக்கினால் விசை முழுவதும் துளையைச் சுற்றியே தேங்கி, அதிர்வில் நாளடைவில் விரிசல் விடும். பம்பரின் கிளிப்புகள் எல்லாம் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் கோணல் பம்பரில்தான் இருக்கும். பிறகு மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்து, சிறு துளையில் தொடங்கிப் பெரிதாக்குங்கள். அகலமான வாஷரும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் அவசியம், ஏனெனில் கார்பனைத் தொடும் அலுமினியம் ஈரத்தில் அரித்துப்போகும்.

பதில் 2:
சைலன்சர் குழாயையும் கவனியுங்கள். என்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் அசையும்போது குழாயும் சேர்ந்து ஆடுவதால், நின்ற நிலையில் போதுமெனத் தோன்றும் இடைவெளி ஓட்டத்தில் போதாது. குழாயின் வெப்பம் பட்டால், கார்பன் இழைகளைப் பிணைக்கும் ரெசின் இளகிவிடும்.

பதில் 3:
வண்டியின் அடிப்பகுதி சமதளமாக மூடப்படாதிருந்தால், சிதறி வரும் காற்றைக் கொண்டு டிஃப்யூசர் பெரிதாகக் கீழழுத்தம் (காரைச் சாலையோடு அழுத்தும் விசை) தராது. தோற்றத்துக்காக என்றால் தாராளமாகப் பொருத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
வலப்பக்கக் கிளிப் ஒன்று உடைந்திருந்தது. அதை மாற்றியதும் இடைவெளி மறைந்துவிட்டது, மனமார்ந்த நன்றி.