மடானி 3 ஆண்டு: பட்டியல் பெரிசு, பத்தாங் பெர்ஜுந்தைக்கு எவ்வளவு வந்துச்சு?

ஆத்தங்கரைப் பையன் (இழையைத் தொடங்கியவர்):
அன்வார் இப்ராஹிம் 2022 நவம்பர் 24-ல மலேசியப் பிரதமரானார், ‘மடானி’ன்னா அவரோட ஆட்சிக்கு வெச்ச பேரு. 3 வருஷம் ஆச்சு, சாதனைக் கணக்கு வாசிக்கிறாங்க. வெளிநாட்டுப் பக்கம் 2025 ஆசியான் தலைமைப் பொறுப்பு, திமோர் லெஸ்தே 11-ஆவது உறுப்பினர், தாய்லாந்து–கம்போடியா சண்டைநிறுத்தம், நம்ம சாமானுக்கு அமெரிக்கா போட்ட வரி 2025-ல 25-லிருந்து 19 விழுக்காடா குறைஞ்சது. உள்நாட்டுல குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), பெட்ரோல் லிட்டர் 1.99, மளிகைச் சாமான் வாங்க ‘சாரா’ உதவி 100 வெள்ளி. சிலாங்கூர்ல இருக்கிற நம்ம ஊருக்கு (பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்தி எத்தனையோ வருஷமாச்சு, யார் வாயில வருது?) இதுல எது வந்து சேர்ந்தது? கட்சிக் கொடியை வெளியே வெச்சிட்டுப் பேசுங்க.

லோரிக்கார அண்ணன்:
ஆசியான் மாநாட்டுக்கு டிரம்ப் கோலாலம்பூர்ல வந்து இறங்கினா எனக்கென்ன தம்பி? எனக்குத் தெரிஞ்ச தேதி 2024 ஜூன் 10. அன்னைக்கு டீசல் 2.15-லிருந்து 3.35. சிறுதோட்டக்காரங்க செம்பனைக் குலையை மில்லுக்கு ஏத்துறதுதான் நம்ம பொழப்பு. மாசம் 200 வெள்ளி உதவின்னாங்க. வாரத்துல 6 நாள் ஓடுற வண்டிக்கு அது எந்த மூலைக்கு? பெட்ரோல் 2.05-லிருந்து 1.99 ஆனதுக்கு மட்டும் மத்தளம் கொட்டுறாங்க. 6 சென் லா.

பத்து ஏக்கர்:
அண்ணே, உங்க வண்டியில ஏறுற குலையே வெளிநாட்டுக் கொள்கையிலதான் ஓடுது. 2025 அக்டோபர் 26-ல அமெரிக்காவோட கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தைப் பாருங்க. செம்பனை எண்ணெய், கொக்கோ, ரப்பர் எல்லாத்துக்கும் அந்த 19 விழுக்காட்டிலிருந்து விலக்குன்னு அதுல போட்டாங்க. மொத்தம் 1,711 வகைப் பொருள். அப்புறம் ஐரோப்பாக்காரன் காடழிப்புச் சட்டம்னு ஒண்ணு வெச்சிருக்கான். எந்த நிலத்துல விளைஞ்சதுன்னு காட்டாத எண்ணெயை வாங்க மாட்டான். கம்பெனிக்காரன் எப்படியும் காட்டிடுவான், நம்மள மாதிரி சின்ன ஆளுதான் மாட்டுவோம். அதுக்கு அங்க போய்ப் பேச ஆள் வேணாமா? ஆசியான், பிரிக்ஸ்னு சுத்துறதை வெட்டிச் சுத்தல்னு சொல்றவங்க இதை யோசிக்கணும்.

கிராணி பேத்தி:
ஐயா, உங்களுக்கு 10 ஏக்கர் இருக்கு, அதனால விலை ஏறினா உங்க பைக்கு வரும். பெரிய தோட்டத்துல வெட்டுறவனுக்கு? குறைந்தபட்சச் சம்பள ஆர்டர்படி வாரம் 6 நாள் வேலைன்னா ஒரு நாளைக்கு 65.38 வெள்ளி. எண்ணெய் விலை பறந்தாலும் அதுதான் தரை. 1,500-லிருந்து 1,700 ஆனதை நான் குறை சொல்லல, பாராட்டுறேன். ஆனா அந்தச் சம்பளத்தை இன்னைக்கு வாங்குறது யாரு? குலை வெட்டுறது இந்தோனேசியாக்காரன், பங்களாதேஷ்காரன். நம்ம பிள்ளைங்க விடியறதுக்கு முன்னாடி ரவாங் ஃபேக்டரிக்கு மோட்டார்ல ஓடுறாங்க. அங்க செய்யிற சாமான் அமெரிக்காவுக்குப் போனப்போ அந்த ஒப்பந்தத்துல பலதுக்கு 19 போட்டாங்க. செம்பனைக்கு விலக்கு வாங்கினதைத் தோட்டத் தமிழனுக்கு வாங்கிக் கொடுத்த மாதிரிப் பேசாதீங்க.

பத்து ஏக்கர்:
சரி, ஊர்க்கதைக்கே வர்றேன். மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக், இந்த 5 தோட்டத்து 245 குடும்பம் வீட்டுக்காக எத்தனை தேர்தலா காத்திருந்தது? தரை வீட்டுக்கு நிலமும் நிதியும் சேர்ந்தது இந்த ஆட்சியிலதானே?

லோரிக்கார அண்ணன்:
ஆட்சி மட்டுமா? தோட்டத்து லயன் வீட்டுல ஒழுகுற தகரத்துக்கு அடியில உட்கார்ந்து மனு எழுதின பாட்டிங்க, மறியல் பண்ணினவங்க, இவங்களை எந்தச் சாதனைப் பட்டியல்ல எழுதியிருக்கு? ஊர் கூடி இழுத்த தேர்ல கடைசியா வந்து கயிறு பிடிச்சவங்க படம் மட்டும் பெரிசா இருக்கு.

டீச்சர் அக்கா:
நீங்க ரெண்டு பேரும் பெட்ரோலும் செம்பனையும் பேசிட்டே இருங்க. 2024 அக்டோபர்ல மக்களவையில குடியுரிமைச் சட்டத்திருத்தம் நிறைவேறிச்சே, அதை ஏன் யாரும் தொடல? மலேசியத் தாய் வெளிநாட்டுல பெத்த பிள்ளைக்கு இனி தானா குடியுரிமை. நல்ல காரியம், பல வருஷப் போராட்டம். அதே திருத்தத்துல இன்னொரு வரி இருக்கு. முன்னெல்லாம் இங்க பிறந்த பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கிற அடையாள அட்டை) வெச்சிருந்தாலே போதும், பிள்ளை குடிமகன். அந்த வழியை எடுத்துட்டாங்க.

போன வாரம் ஒரு பொண்ணு மகனோட சூராட் பெரானாக்கை (பிறப்புப் பத்திரத்தை) காட்ட வந்தா. அம்மாவுக்குச் சிவப்பு ஐசி, பையன் குடிமகன். வயித்துல அடுத்தது. புருஷனுக்குக் குடிமக்களோட நீல ஐசிதான். ஆனா தோட்டத்து மாரியம்மன் கோயில்ல தாலி கட்டினதோட சரி, பதிவு பண்ணல. பதிவில்லாட்டி பிள்ளை அம்மா கணக்குலதான் போகும். திருத்தம் அமலுக்கு வந்தப்புறம் பிறந்தா தம்பிக்கு அண்ணன் மாதிரி குடியுரிமை கிடைக்காது. ஒரே வீடு, ரெண்டு நிறப் பிள்ளைங்க. பிரசவத்துக்கு முன்னாடி ஜேபிஎன் (தேசியப் பதிவுத்துறை) போய் கல்யாணத்தைப் பதியச் சொல்லி அனுப்பினேன்.

பத்து ஏக்கர்:
டீச்சர், பதியாதது அரசாங்கத்தோட தப்பா? கல்யாணத்தைப் பதியணும்ங்கிற சட்டம் 1982-லிருந்து அமல்ல இருக்கு.

டீச்சர் அக்கா:
பதியாதது அவங்க தப்புன்னே வெச்சுக்குங்க. பிறக்கப்போற குழந்தை என்ன தப்பு பண்ணிச்சு? அந்த அம்மாவும் இந்த மண்ணுல பிறந்தவதான், அவங்க அம்மாவும் இங்கதான் ரப்பர் பால் வெட்டினாங்க.

ஆத்தங்கரைப் பையன்:
இந்தியர் முன்னேற்றத்துக்கான அரசாங்கப் பிரிவு மித்ராவைப் பத்தியும் யாராவது சொல்லுங்க. வருஷம் 10 கோடி வெள்ளி. ஒற்றுமைத்துறையிலிருந்து பிரதமர்துறைக்குப் போச்சு, திரும்பி ஒற்றுமைத்துறைக்கே வந்துச்சு.

கிராணி பேத்தி:
தம்பி, அதுக்குத் தனி இழை போடு, இங்க கலக்காதே. டீச்சர் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. பத்து ஏக்கர் ஐயாவுக்கு ஒய்பியோட (நம்ம மக்கள் பிரதிநிதியோட) நல்ல பழக்கம்தானே. அடுத்த சந்திப்புல ஆசியானைப் பத்திக் கேட்க வேணாம், இந்த வட்டாரத்துல 3 வருஷத்துல எத்தனை சிவப்பு ஐசி நீலமாச்சு, எத்தனை மனு தள்ளுபடியாச்சுன்னு எண்ணிக்கை வாங்கிட்டு வாங்க. வந்ததும் இங்கேயே போடுங்க.