உமிச்சாம்பல் கேட்டு வந்தவர்கள்: எங்கள் அனுபவங்கள்

முரசுமோட்டை, அரிசி ஆலை

எங்கள் மில்லில் நெல் அவிக்க எரிப்பது உமிதான். 100 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 20 கிலோ உமி. அது எரிந்து முடிந்தால் 4 கிலோவளவு சாம்பல். ஒரு போகத்துக்கு எவ்வளவு சேருமென்று நீங்களே கணக்குப் பாருங்கள். சோளகம் பெயர்ந்தால் அது அயல்வீட்டுக் கொடியில் காயும் உடுப்பில்தான் போய் விழும். அதாலே எத்தனையோ மனஸ்தாபம். அதனால் 2021 கடைசியில் ஒரு பிள்ளை வந்து "அண்ணை, கொஞ்சச் சாம்பல் எடுக்கலாமோ?" என்று கேட்டபோது, லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் கொண்டுவந்து முழுவதையும் அள்ளிக்கொண்டு போங்கோ என்றேன். அவள் கையில் இருந்தது மூன்று பொலித்தீன் பை.

அறிவியல்நகர்ப் பல்கலைக்கழகப் பக்கமிருந்து சாம்பலை ஆராய வந்தவள். முன்னரும் சிலர் இப்படி வந்து படம் எடுத்து, சாம்பல் அள்ளிப் போயிருக்கிறார்கள். பிறகு என்ன நடந்தது என்று ஒரு சொல் வந்ததில்லை. இவளும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மூன்றாம் முறை வந்தபோது முகம் வாடியிருந்தது. ஒரே குவியலில் எடுத்த சாம்பல்தான், ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லையாம். எங்கள் உலைக்காரர் பக்கத்தில் நின்றார். இருபது வருஷத்துக்கு மேல் உலை எரிப்பவர். "பிள்ளை, குவியலில எடுத்தால் மூண்டு நாள் சாம்பல் கலந்து கிடக்கும். உலை வாசல்ல விழுறது கறுப்பு, நடுவில சாம்பல் நிறம், உள்ளுக்கை வெள்ளை. சூடு கூடிப்போனால் ஒரு இளஞ்சிவப்பு ஓடும். உங்களுக்கு எது வேணும்?" என்றார். அவள் அப்படியே உலை வாசலில் குந்தியிருந்து கொப்பியில் எழுதினாள். எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டி, "சரிதானே அண்ணை?" என்று கேட்டுவிட்டுத்தான் எழும்பினாள்.

அடுத்த நாள் அவளைப் படிப்பிக்கிற சேரும் வந்தார். கதிரை எடுத்துப் போட ஓடினேன். அவர் அதற்குள் நெல் மூட்டையில் இருந்துவிட்டார். என்னோடு கதைத்தது ஐந்து நிமிஷம், உலைக்காரரோடு ஒன்றரை மணித்தியாலம். எத்தனை மண்வெட்டி உமிக்கு ஒருக்கால் கிண்டுவீர்கள், காற்றுக் கதவை எவ்வளவு திறப்பீர்கள், கட்டி பிடிக்கிறது எந்த மூலையில் என்றெல்லாம் கேட்டார். அந்தக் கட்டிக்குக் காரணம் உமியில் இருக்கும் பொட்டாசியம் என்று விளக்கினார். அது கடுஞ்சூட்டில் உருகிக் கரியை உள்ளே பூட்டிவிடுமாம். அதனால்தான் எவ்வளவு எரித்தாலும் நடுவில் கறுப்புப் புள்ளி மிஞ்சுகிறது. ஆய்வுகூடத்தில் உமியை முதலில் மென்மையான அமிலத்தில் கழுவிவிட்டு எரிப்பது அதற்காகத்தானாம். வருஷக்கணக்காக அந்தக் கட்டியைக் கம்பியால் இடித்து வெளியே எடுத்த மனிதர் அது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் திரும்பி வந்தாள். கையில் இரண்டு தாள். எக்ஸ்கதிர் படும்போது வரும் கோட்டுப் படங்கள். ஒன்றில் 22 பாகைக் கோணத்துக்குக் கிட்ட ஒரு தட்டையான மேடு. மற்றதில் அதே இடத்தில் ஊசி மாதிரிக் கூர். 700 பாகைச் சூட்டுக்குள் எரித்த சாம்பலில் சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள், ஒழுங்கில்லாமல் கிடக்கும். அது சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும், சீமெந்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போடலாம். அதற்குமேல் சூடு ஏறஏறப் பளிங்காகிவிடும், பிறகு எதோடும் சேராது. "மேடு எண்டால் நடுச் சாம்பல் அண்ணை. ஊசி உங்கட உள் சாம்பல்" என்றாள். உலைக்காரர் தாளை வெளிச்சத்தில் பிடித்து விரலால் அந்த மேட்டைத் தடவினார்.

போகும்போது ஒரு பெட்டி முகக்கவசம் தந்துவிட்டுப் போனாள். பளிங்கான தூசு நெஞ்சுக்குக் கூடாது, உள்ளே இறங்கிக் கூட்டும்போது கட்டாயம் போடவேணும் என்று இரண்டு தரம் சொன்னாள். எங்களுக்கு அதுவரை ஒருவரும் சொல்லாத விஷயம்.

முறிகண்டி, அறை வாடகைக்கு விடுபவர்

அந்தப் பிள்ளை எங்கட வீட்டிலதான் இருந்தவ. 2022 பங்குனிக் கடைசி ஞாபகம் இருக்குத்தானே, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அவவின்ரை ஆய்வுகூடத்து உலை சூடேற ரெண்டு மணித்தியாலம், பிறகு 600 பாகையில நாலு மணித்தியாலம் நிக்கவேணுமாம். இடையில கரண்ட் போனால் அந்த மாதிரியை எறியிறதுதான். "ஆன்ரி, கரண்ட் வந்தால் என்னை எழுப்பிவிடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் படுப்பா. நான் லைற் சுவிச்சைப் போட்டபடி விட்டிட்டுப் படுத்திடுவன். ரெண்டு மணிக்கோ மூண்டு மணிக்கோ முகத்தில வெளிச்சம் விழும், எழும்பி அவவைத் தட்டுவன்.

பெற்றோல் இல்லாத நேரம். என்ரை மகன் ஒரு சைக்கிள், அவ ஒரு சைக்கிள், டோர்ச் வெளிச்சத்தில போவினம். காஸும் இல்லை, விறகிலதான் தேத்தண்ணி. விடியப் புகை மணத்தோட வந்து குந்துவா. நாலு தரம் அப்படிப் போய் மூண்டு தரம் பாழாப்போச்சு. நாலாவது தரம் காலமை ஒன்பது மணிக்கு வந்து என்னைக் கட்டிப்பிடிச்சவ. நான் ஒன்பதாம் வகுப்போட நிண்டனான், அந்தச் சாம்பலைப் பற்றி எனக்கு ஒண்டும் விளங்காது. ஆனால் அண்டைக்கு நானும் அழுதனான்.

வவுனியா, பழைய மாணவன்

ஆய்வுகூடம் என்றால் எல்லோரும் சேரைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் எங்கள் ரீ.ஓ. அண்ணையைப் பற்றி எழுதுகிறேன், தொழில்நுட்ப உத்தியோகத்தர்.

இறுதி வருட ஆய்வில் என் மாதிரிகள் எல்லாம் ஊசியாகவே வந்தன. உலை 600 காட்டுகிறது, நான் 600 என்று எழுதுகிறேன். நாலு மாத வேலை. உமியில்தான் பிழை என்று நினைத்து அழுத்தத்தில் கிடந்தேன். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. சூடு தாங்கும் சின்னக் கிண்ணமான ஒரு புடக்குகையில் சிட்டிகை உப்புப் போட்டு உலைக்குள் வைத்தார். சுத்தமான சோடியம் குளோரைட் 801 பாகையில்தான் உருகும். கருவி 700ஐத் தொடும் முன்னரே திறந்து பார்த்தோம். உப்பு உருகி அடியில் படிந்திருந்தது. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளின் முனை சுவருக்குள் பின்வாங்கிப் போய், நூறு பாகைக்கு மேல் குறைத்துக் காட்டியிருக்கிறது.

வீட்டிலிருந்த ஆனையிறவு உப்பைக் கொண்டுவரட்டுமா என்று முதலில் கேட்டதற்கு அவர் வேண்டாம் என்றுவிட்டார். கடல் உப்பில் மற்ற உப்புகளும் கலந்திருக்கும், அது முந்தி உருகி எங்களை ஏமாற்றும்.

நான் கொப்பியின் அந்தப் பக்கங்களைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "கிழியாதை தம்பி. ஒரு கோடு போட்டு வெட்டு, கீழ இருக்கிறது தெரியவேணும். பக்கத்தில உண்மையான சூட்டை எழுது." பிழை என்று நினைத்த அந்த மாதிரிகள்தான் கடைசியில் என் அறிக்கையில் கூடின சூட்டுக்கான பாதி. இன்று ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பேனையால் ஒரு கோடு போட்டு வெட்டும்போதெல்லாம் அவர் கை என் மணிக்கட்டில் இருக்கிறது.

பரந்தன், அப்பா சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறேன்

மேலே உப்பைப் பற்றி எழுதிய தம்பிக்கு அப்பா சொல்லச் சொன்னது: உங்கள் ரீ.ஓ. சொன்னது முற்றிலும் சரி. அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பு வந்து இறங்கினால் நேரே மின்பகுப்புக்குப் போகாது. கரைத்து, கல்சியத்தையும் மக்னீசியத்தையும் படியவைத்து வடித்த பிறகுதான் போகும். அதிலிருந்துதான் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும்.

போன வருஷம் இரண்டு பிள்ளைகள் உப்புக்காற்றில் இரும்பு கறள் பிடிப்பதைப் பற்றிக் கேட்க அப்பாவிடம் வந்தார்கள். தொழிற்சாலை நின்று எத்தனை வருஷம்! அந்த வேலையைப் பற்றி எங்கள் வீட்டிலேயே யாரும் அவரிடம் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எந்தக் குழாய் முதலில் அரித்தது, எந்தப் பூச்சு நின்றுபிடித்தது என்று மூன்று மணித்தியாலம் சொன்னார். போன பிறகும் நினைவு வந்ததை எனக்குச் சொல்லி, அவர்களுக்குப் போன் எடுக்கச் சொன்னார்.

முரசுமோட்டை, அரிசி ஆலை

நான் தொடங்கியதை முடிக்கவில்லை. சாம்பல் கலந்து செய்து 28 நாள் தண்ணீரில் ஊறிய சீமெந்துக் கட்டிகளை நசுக்கிப் பார்க்கும் நாளுக்கு உலைக்காரரையும் கூப்பிட்டார்கள். சீமெந்து மூட்டை 3,000 ரூபாவைத் தாண்டி நின்ற காலம். வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு போனார். நடுச் சாம்பல் கலந்த கட்டி வெடிக்கும்வரை இயந்திரத்தின் முள்ளை விட்டு அவர் கண் எடுக்கவில்லையாம்.

இப்போது எங்கள் பின்வளவில் சாம்பல் மூன்று குவியலாகக் கிடக்கிறது. வாசல், நடு, உள். சுவரில் ஒவ்வொன்றுக்கும் மேலே சோக்கால் திகதி போட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை படிப்பு முடிந்து போய்விட்டாள். அவளுக்குப் பிறகு வந்த தம்பி வைகாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.