புதுப்பிப்பு: நாலறை வீட்டுக்கு 5.1 வாங்கியாச்சு

சிங்கப்பூர் செங்காங்கில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹால் டிவிக்கு சவுண்ட்பாரா, தனித்தனி ஸ்பீக்கர்களா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். முடிவு 5.1 (ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்), எல்லாவற்றையும் இயக்கும் ரிசீவருடன். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) போடச் சொன்னவர்களுக்கு நன்றி. கூரையில் துளை போட மனைவி சம்மதிக்கவில்லை, விடுங்கள்.

ஆடியோ கடைகள் நிறைந்த அடெல்ஃபி மாலில் கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டபின் பணத்தை டிவிக்கு நடுவே வைக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் போட்டேன். வசனம் பெரும்பாலும் அதில்தானே வருகிறது. சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டையும் டிவியைப் பார்க்கும் நேர்கோட்டிலிருந்து 110 முதல் 120 டிகிரியில், அதாவது சற்றுப் பின்னால், வைக்கச் சொல்வார்கள். நம் சோபா சுவரை ஒட்டியிருக்கிறது, 90-க்கு மேல் வழியில்லை. இருபக்கமும் காதுக்குச் சற்று மேலே மாட்டினேன், நன்றாகவே இருக்கிறது.

சப்வூஃபர்தான் தலைவலி. அதிர்வு கான்கிரீட் தளம் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். அடியில் ரப்பர் மெத்தை, கிராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ், இரவு 10:30-க்கு மேல் ஆஃப். கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் கேட்டேன், இப்போது தொந்தரவில்லையாம்.

அப்புறம், இஆர்க் (டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலி அனுப்பும் ஆர்க் எச்டிஎம்ஐ வசதியின் மேம்பட்ட வடிவம்) அவசியமா என்று கேட்ட தம்பிக்கு: ப்ளூரே டிஸ்க்கின் ட்ரூஎச்டி (தரம் குறையாத) ஒலி சாதாரண ஆர்க்கில் போகாது. ஆனால் பிளேயரை நேராக ரிசீவரில் செருகினால் அந்தக் கவலையே வேண்டாம்.