ஸ்மார்ட் பிளக்கை ஆஃப் பண்ணாலும் எல்இடி மங்கலா எரியுது, இன்னொண்ணு ஆஃப்பே ஆகல

அகல்விளக்கு (கேள்வி)

ஹால் விளக்குகளை வைஃபை ஸ்மார்ட் பிளக்குக்கு மாத்திக்கிட்டு இருக்கேன். மூணு பிளக், மூணுலயும் 10 ஆம்ப்னு போட்டிருக்கு.

முதல் பிளக்: 9 வாட் எல்இடி பல்ப் நாலு போட்ட ஸ்டாண்டு விளக்கு. ரெண்டு பின் பிளக், எப்படி வேணா திருப்பிச் செருகலாம்.
ரெண்டாவது: 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் தனியா 60 வாட் டிரைவர் (230 வோல்ட்டை 12 வோல்ட்டா மாத்தற பெட்டி). ரெண்டு டிரைவரும் ஒரு மல்டிபிளக் வழியா இதே பிளக்ல.
மூணாவது: பால்கனி சீரியல் லைட்டுக்கு. இன்னும் மாட்டல.

முதல் பிளக்கை ஆஃப் பண்ணினதும் பல்ப் நாலும் இருட்டுல லேசா மினுங்குது. ரெண்டாவதுல ஆப் ஆஃப்னு காட்டுது, ஸ்ட்ரிப் பாட்டுக்கு எரியுது. பிளக்கை விரலால தட்டினா அணையுது. ரெண்டு டிரைவரும் சேர்ந்து 120 வாட்தான், 230 வோல்ட்ல அரை ஆம்ப்பைக் கொஞ்சம் தாண்டும். 10 ஆம்ப் பிளக்குக்கு இது எப்படி அதிகமாகும்? பால்கனிக்கு டிம்மர் பிளக் வாங்கலாமா?

காண்டாக்டர்

இரண்டாவது பிளக்கை இப்போதே கழற்றி ஓரமாக வையுங்கள். தட்டினால் அணைகிறது என்றால் உள்ளே ரிலேயின் (கட்டளைப்படி மின்சாரத்தை இணைத்து வெட்டும் சுவிட்ச்) காண்டாக்ட், அதாவது தொட்டு விலகும் உலோக முனை, ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று தட்டினால் விடும், நாளை விடாது. அதைச் சரிசெய்து வேறு விளக்குக்குப் போடலாம் என்றும் நினைக்க வேண்டாம்.

மேலே எழுதியிருக்கும் 10 ஆம்ப், ஹீட்டர் போன்ற ரெசிஸ்டிவ் லோடுக்கானது. எல்இடி டிரைவர் அந்த வகை இல்லை. அதன் உள்ளே ரெக்டிஃபையருக்கு (ஏசியை டிசியாக்கும் பகுதி) பின்னால், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெப்பாசிட்டர் காலியாக உட்கார்ந்திருக்கும். ரிலே மூடும் கணத்தில் மின்னழுத்த அலை உச்சியில் இருந்தால் ஏறத்தாழ 325 வோல்ட் அந்தக் காலி கெப்பாசிட்டரில் ஒரே அடியாகப் பாயும். 60 வாட் டிரைவரின் டேட்டா ஷீட்டைப் பாருங்கள், ‘கோல்ட் ஸ்டார்ட்’ என்ற வரியில் 50, 60 ஆம்ப் போட்டிருப்பது சாதாரணம். ஒரு மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் காண்டாக்ட் மூடும்போது ஓரிரு முறை துள்ளும், அந்தத் துள்ளலில்தான் பொறி விழுந்து உலோகம் உருகி ஒட்டுகிறது. உங்களிடம் இரண்டு டிரைவர் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. வாட் கணக்கு சரிதான், ஆனால் இங்கே பார்க்க வேண்டிய கணக்கு அது இல்லை.

செய்ய வேண்டியது:

ஒரு பிளக்குக்கு ஒரு டிரைவர். மல்டிபிளக் வேண்டாம், அது கூடுதலாக ஒரு தளர்ந்த இணைப்பு, அவ்வளவுதான்.

வாங்கும்போது ‘எல்இடி லோடு இத்தனை வாட்’ என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். 10 ஆம்ப் என்று மட்டும் போட்டு எல்இடி பற்றிப் பேசாத பிளக்கை விளக்குக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஜீரோ கிராஸிங்கில் மூடும் மாட்யூல் என்றால் இன்னும் நல்லது, அலை பூஜ்யத்தைக் கடக்கும்போது மூடுவதால் அடி குறையும். ரிலேயின் பெயர் தெரிந்தால் காண்டாக்ட் உலோகத்தையும் பாருங்கள். சில்வர் டின் ஆக்ஸைடு, சில்வர் நிக்கலைவிட ஒட்டுவதைத் தாங்கும்.

இதைவிடச் சுத்தமான வழி: டிரைவரை எப்போதும் ஆனில் விட்டுவிட்டு, 12 வோல்ட் பக்கம் ஒரு வயர்லெஸ் ஸ்ட்ரிப் கன்ட்ரோலர் போடுவது. ரிலேயே தேவையில்லை, டிம்மும் கூடவே கிடைக்கும். டிரைவரின் ஸ்டாண்ட்பை மின்சாரம் கொஞ்சம் செலவாகும். கன்ட்ரோலர் 60 வாட்டுக்கு 5 ஆம்ப்பைத் தாங்க வேண்டும், 8 ஆம்ப் உள்ளதாக எடுங்கள்.

டெஸ்டர்முனை

முதல் பிளக்கு பத்தி நான் சொல்றேன். மங்கலா எரியறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், கண்டுபிடிக்கறது சுலபம்.

விளக்கோட ரெண்டு பின்னைத் திருப்பிச் செருகிப் பாருங்க. ஒண்ணும் மாறாது, ஏன்னா ரிலே ஸ்மார்ட் பிளக்குக்கு உள்ள, அதுக்கு முன்னாடிதான் இருக்கு. இப்ப ஸ்மார்ட் பிளக்கையே சுவர்ல திருப்பிச் செருகுங்க. மினுக்கம் போச்சுன்னா, இதுவரைக்கும் ரிலே நியூட்ரலைத்தான் வெட்டிக்கிட்டு இருந்திருக்கு. ஆஃப்ல இருந்தாலும் ஃபேஸ் பல்ப் ஹோல்டர் வரைக்கும் நின்னிருக்கும். வயர், விளக்கோட உலோகத் தண்டு, எர்த் இதுக்கு நடுவுல இருக்கற சின்ன கெப்பாசிட்டன்ஸ் வழியா கசியுற மின்சாரமே எல்இடிக்குப் போதும். மினுக்கம் சின்ன விஷயம், கை வைக்கறவனுக்குத்தான் ஆபத்து.

மூணு பின் சாக்கெட்ல திருப்ப முடியாது. அப்ப சுவர் சாக்கெட்லயே ஃபேஸ், நியூட்ரல் மாறியிருக்கலாம். எர்த் துளை மேல இருக்கற மாதிரி சாக்கெட்ல, முன்னாடி நின்னு பார்த்தா வலப்பக்கம் ஃபேஸ் இருக்கணும். இடப்பக்கம் டெஸ்டர் எரிஞ்சா வயர்மேனைக் கூப்பிட்டு மாத்துங்க.

திருப்பியும் மினுக்கம் போகலைன்னா ரெண்டாவது காரணம்: ரிலே காண்டாக்ட்டுக்குக் குறுக்கே பொறி தணிக்க வச்சிருக்கற ஸ்னப்பர். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்னா 50 ஹெர்ட்ஸ்ல ஏறக்குறைய 7 மில்லி ஆம்ப் கசியும். பழைய குண்டு பல்புக்கு அது ஒண்ணுமே இல்ல, எல்இடிக்கு மினுங்கவோ சில நொடிக்கு ஒரு தடவை வெட்டி வெட்டி எரியவோ போதும். ஸ்னப்பர் இல்லாத பிளக்குக்கு மாறணும், இல்லைன்னா விளக்குக்கு இணையா பைபாஸ் கெப்பாசிட்டர் போடணும். பைபாஸ்னா மெயின்ஸுக்கான எக்ஸ்2 வகைதான், கைக்குக் கிடைச்சதைப் போடக் கூடாது.

எது காரணமா இருந்தாலும், பல்ப் மாத்தும்போது ஆப்ல ஆஃப் பண்ணிட்டேன்னு ஹோல்டர்ல கை வைக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான்.

அகல்விளக்கு

ஸ்மார்ட் பிளக்கைத் திருப்பினதும் மினுக்கம் நின்னுடுச்சு. ஸ்ட்ரிப்புக்கு 12 வோல்ட் பக்கக் கன்ட்ரோலர் பாக்கறேன். மின்சார அளவு காட்டற பிளக் வாங்கினா காண்டாக்ட் ஒட்டினது ஆப்ல தெரியுமா?

காண்டாக்டர்

சிலவற்றில் தெரியும்: ஆஃப் நிலையில் வாட் எண் இறங்காமல் நிற்கும். ஆனால் ஆஃப் கட்டளை போனதுமே எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும் ஃபர்ம்வேரும் (பிளக்குக்குள் ஓடும் மென்பொருள்) உண்டு. அதை நம்பி இருக்காதீர்கள். ஆப் காட்டும் ஆஃப், ரிலேவுக்குக் கட்டளை போனதற்கு அடையாளமே தவிர, காண்டாக்ட் விலகியதற்கு அல்ல.

ஜிக்பீ_ரவி

பால்கனிக்கு டிம்மர் பிளக் வேண்டாம்னு நினைக்கிறேன். சீரியல் லைட்டோட அடாப்டர் டிம்மபிள்னு எழுதியிருந்தா ஒழிய டிம்மர்ல செருகக் கூடாது. அலையை வெட்டிக் கொடுக்கறதால அடாப்டர் சூடேறும், உறுமும், சீக்கிரம் போயிடும். டிம் பண்ணலைன்னா கூட 100 சதவீதத்துல வச்சுக்கலாம்னு சிலர் சொல்வாங்க, அதையும் நான் ஒத்துக்க மாட்டேன். பல டிம்மர்ல 100 சதவீதத்துலயும் அலை முழுசா வராது.

சாதாரண ஆன் ஆஃப் பிளக் போதும், ஆனா மழைச்சாரல் படற இடம்னா ஐபி44, அதாவது தண்ணி தெறிச்சாலும் தாங்கற வகை. ஐபி20 பிளக் வீட்டுக்குள்ளதான். ஐபி44னாலும் பிளக் கீழ் பார்த்து இருக்கணும். ஒயர் சாக்கெட்டை விடக் கீழே தொங்கி அப்புறம் மேலேறணும், அப்பத்தான் வழியற தண்ணி அடியில சொட்டிடும். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்சிடி (மின்கசிவு வந்தா லைனை வெட்டற சுவிட்ச்) இல்லைன்னா முதல்ல அதைப் போடுங்க.

நெட்வொர்க் பக்கம் ரெண்டு விஷயம். ஆப்ல ‘பவர் ஆன் ஸ்டேட்’னு ஒரு செட்டிங் இருக்கும், அதை ஆஃப்ல வைங்க. இல்லைன்னா கரண்ட் போய் நடுராத்திரி வரும்போது எல்லா விளக்கும் எரியும், எல்லா டிரைவரும் ஒரே கணத்துல இழுக்கும். இந்த மாதிரி பிளக் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்லதான் பேசும். இணைக்கும்போது போன் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைல நின்னா பிளக்கைக் கண்டுபிடிக்காது.

அடுத்து ஜிக்பீக்கு (வைஃபைக்குப் பதிலா ஸ்மார்ட் சாதனங்கள் பேசிக்கற இன்னொரு வயர்லெஸ் முறை) போனீங்கன்னா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. ஒவ்வொரு பிளக்கும் அடுத்ததுக்கு சிக்னல் கடத்தும். சுவர் சுவிட்சை அணைச்சா அந்தப் பிளக் மட்டுமில்ல, அதை நம்பித் தொங்கிட்டிருந்த பால்கனி சென்சாரும் காணாமப் போயிடும். விடுபட்டது வேற வழி தேடிக்கறதுக்குச் சில நிமிஷத்துலேருந்து மணிக்கணக்கு வரை ஆகலாம். அதனால கடத்தற பிளக்குக்குப் பின்னாடி இருக்கற சுவிட்சை ஆன்ல வச்சு டேப் ஒட்டிடுங்க.