33 வாரம், தலை இன்னும் மேலயே இருக்கு, வயிறு தடவி திருப்பலாமா?

தேனிப்பொண்ணு:
அக்காஸ், முதல் குழந்தை, 33 வாரம். போன வாரம் ஸ்கேன்ல ப்ரீச்னு, அதாவது தலை மேல, புட்டம் கீழன்னு வந்திருக்கு. வலது விலாவுக்கு கீழ கெட்டியா உருண்டையா ஒண்ணு தட்டுப்படுது, அதுதான் தலையாம். உதையெல்லாம் அடிவயித்துலயே விழுது, ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போக எந்திரிக்கிறேன். எங்க அத்தை ஊர்ல ஒரு பாட்டி விளக்கெண்ணெய் போட்டு வயிறு தடவி தலையை திருப்பி விடுவாங்களாம், இந்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு போறேன்னு அத்தை நிக்கிறாங்க. போலாமா? டாக்டர்கிட்ட கேட்டா திட்டுவாங்களோன்னு பயமா இருக்கு. முதுகுவலி வேற தாங்கல, உடம்பு பிடிச்சு விடறதே கூடாதா?

லேபர்வார்டு அக்கா:
தங்கம், வயித்துல மட்டும் யாரையும் அழுத்த விடாத. நஞ்சு (ப்ளாசென்டா) எந்தப் பக்கம் ஒட்டியிருக்கு, தொப்புள்கொடி எங்க இருக்கு, குழந்தையைச் சுத்தி தண்ணி எவ்வளவுன்னு கைக்கு தெரியாது. அழுத்துற அழுத்துல நஞ்சு பிரிஞ்சு ரத்தப்போக்கு ஆயிடலாம், அது ரெண்டு உயிருக்கும் ஆபத்து. இன்னும் டைம் இருக்கு, 28 வாரத்துல 100-க்கு 20, 25 குழந்தைங்க இப்படித்தான் இருக்கும், பிரசவ நேரத்துல 3, 4 தான் மிஞ்சும், மத்ததெல்லாம் தானே திரும்பிடும்.
முதுகு, இடுப்பு, தோள் பிடிச்சு விடலாம், ஆனா மல்லாக்க படுக்காத, இடது பக்கம் ஒருக்களிச்சு முழங்காலுக்கு நடுவுல தலகாணி வெச்சுக்கோ. அது உனக்கு சுகம் தரும், குழந்தையை திருப்பாது. ஒரு கால் மட்டும் வீங்கி செவந்து வலிச்சா அந்தக் காலை தேய்க்கவே கூடாது, ரத்தக்கட்டியா இருக்கலாம், உடனே காட்டணும்.

ரெண்டுகுட்டீஸ் அம்மா:
எனக்கு 37 வாரத்துல ஆஸ்பத்திரியிலயே திருப்பினாங்க, ஈசிவி-ன்னு சொல்வாங்க, முதல் பிரசவம்னா 36-லயே செய்வாங்க. முதல்ல ஸ்கேன், குழந்தை இதயத்துடிப்பு எல்லாம் பாத்துட்டு கர்ப்பப்பை தளர ஒரு ஊசி போட்டாங்க, போட்டதும் நெஞ்சு படபடன்னு அடிச்சு கையெல்லாம் நடுங்குச்சு, அப்புறம் வயித்துல ஜெல் தடவி டாக்டர் ஒரு கையால குழந்தை புட்டத்தை மேல தூக்கி இன்னொரு கையால தலையை முன்பக்கமா தள்ளினாங்க, முதல் தடவை பாதி வந்து திரும்ப போயிடுச்சு, ரெண்டாவது தடவை வயித்துக்குள்ள ஒரு பெரிய புரளல், அவ்வளவுதான் தலை கீழ வந்துடுச்சு. வலி இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். பாதி பேருக்குத்தான் திரும்பும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. எதுவும் ஆனா உடனே ஆபரேஷன் பண்ண தியேட்டர் ரெடியா வெச்சிருந்தாங்க. அந்த வசதி வீட்டுல ஏதுப்பா?

நெல்லைக்காரி:
நானும் உன்னை மாதிரிதான், எங்க ஊர் மருத்துவச்சி ஆச்சிகிட்ட போனேன். அவங்க எண்ணெய் பாட்டிலையே தொறக்கல. உள்ளங்கையை சும்மா வெச்சு ரெண்டு நிமிஷம் கண்ண மூடி இருந்துட்டு "இதுல நான் கை வைக்க மாட்டேன் தாயி, ஆஸ்பத்திரிக்கே போ"ன்னு அனுப்பிட்டாங்க. பிறகுதான் ஸ்கேன்ல கர்ப்பப்பை ரெண்டா பிரிஞ்ச மாதிரி இருக்குன்னு தெரிஞ்சது, குழந்தைக்கு திரும்ப இடமே இல்லையாம். 39 வாரத்துல சிசேரியன். பொண்ணு பிறந்து நாலஞ்சு நாள் வரைக்கும் ரெண்டு காலையும் மூஞ்சிகிட்டயே மடக்கி வெச்சிருந்தா, நீட்டி விட்டா திரும்ப மடக்கிப்பா. ப்ரீச் குழந்தைக்கு ஆறு வாரத்துல இடுப்பு ஸ்கேன் எடுக்கணும், மறந்துடாத. நடக்கல குனியல அதான் திரும்பலன்னு யாராவது சொன்னா மனசுல ஏத்திக்காத, அதை கேட்டு கேட்டு நான் அழுதது கொஞ்சமில்ல.

தேனிப்பொண்ணு:
அக்கா எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு அத்தையையும் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போய் கேட்டுட்டேன், திட்டவே இல்ல. நஞ்சு முன்பக்கமா இருக்காம், வயித்துல கை வைக்க வேணாம்னு ஸ்கேன்லயே காட்டி சொன்னாங்க, அத்தை பாத்துட்டு ஒண்ணும் பேசல. 36-ல திரும்ப ஸ்கேன். இப்ப தினமும் ராத்திரி வெதுவெதுன்னு நல்லெண்ணெய் எடுத்து அத்தைதான் முதுகு தேய்ச்சு விடறாங்க.

லேபர்வார்டு அக்கா:
சந்தோஷம்டா. ஒண்ணு மட்டும், திடீர்னு தண்ணி உடைஞ்சா வலி வரட்டும்னு காத்திருக்காத. தலை கீழ இல்லாதப்போ கொடி முன்னாடி இறங்கிடலாம், படுத்த மாதிரியே வண்டியில ஏறி நேரா ஆஸ்பத்திரி. 108 நம்பரை வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வை.