வல்லாரை: கீரையாகவும் மருந்தாகவும் உண்டவர்களின் அனுபவங்கள்

களியக்காவிளையிலிருந்து:
மறதி கூடுகிறது என்று அம்மா இருவேளையும் வல்லாரைப் பொடியைப் பாலில் கலந்து குடித்து வந்தார். சில வாரங்களில் பசி குறைந்து, கண்ணில் மஞ்சள் தெரியவே, திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றோம். வேறு மருந்து ஏதும் உண்கிறீர்களா என்று மருத்துவர் மலையாளத்தில் கேட்க, "ஒன்றும் இல்லை டாக்டர்" என்றார் அம்மா. அது பொய்யன்று, கீரையை மருந்தென்று அவர் எண்ணியதே இல்லை. மைனிதான் பையிலிருந்த டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிடம் இன்னும் என்னை உறுத்துகிறது. மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கான சோதனைகளில் எதுவும் தென்படவில்லை. பொடியை நிறுத்தியபின் ஈரல் பாதிப்பைக் காட்டும் இரத்த அளவுகள் படிப்படியாக இறங்கின. பொடியே காரணம் என்று மருத்துவர் அறுதியிடவில்லை. எனினும், வல்லாரை உட்கொண்ட 3 பெண்களுக்கு 20 முதல் 60 நாட்களில் ஈரல் பாதிக்கப்பட்டதும், நிறுத்தியபின் குணமானதும் 2005இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளன.

செங்கோட்டையிலிருந்து:
மேலே எழுதியவரின் கவலை நியாயமானது. ஆனால் பழியைக் கீரையின்மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வயல்வரப்பில் பறித்த வல்லாரையை என் ஆச்சி ஆயுள் முழுவதும் துவையலாக அரைத்து உண்டார். அந்த டப்பாவில் இருந்தது வல்லாரைதானா என்று யார் பார்த்தது? புனலூர் சாலையில் ஒருவர் வல்லாரை என்று விற்ற கட்டைப் பிரித்துப் பார்த்தேன். காம்பு குடைக்கம்புபோல் இலையின் நடுவில் ஊன்றியிருந்தது. வல்லாரை இலைக்கு அடியில் பிளவு உண்டு, காம்பு அந்தப் பிளவில்தான் சேரும். "எல்லாம் ஒன்றுதான் அண்ணாச்சி" என்றார் விற்றவர். எனக்குப் பின்னால் நின்ற பெண், சீருடையணிந்த மகளின் கையைப் பிடித்தபடியே, இரண்டு கட்டு வாங்கிச் சென்றார்.

களியக்காவிளையிலிருந்து மீண்டும்:
நான் துவையலைக் குறை கூறவில்லை. உலர்ந்த பொடியில் ஒரு கரண்டி என்பது எத்தனை பிடி கீரை என்பதைத்தான் கேட்கிறேன்.

வாளையாற்றிலிருந்து:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆலைக்கழிவு ஓடும் வாய்க்காலோரம் வல்லாரை பறித்துக்கொண்டிருந்த பெரியவரைத் தடுத்தேன்; "இங்கேதானே தழைத்து நிற்கிறது" என்றார். இக்கொடி மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி இலைவரை சேர்க்கக்கூடியது. கழுவினால் சேறு போகும், உலோகம் போகாது. நீர்நிலையில் பறித்த எதையும் பச்சையாக உண்டால் ஈரல் புழு தொற்றும் வாய்ப்புண்டு என்பதால், நன்றாக வதக்கிய பிறகே அரையுங்கள். கருவுற்றவர்கள் மருந்தளவில் உண்பதைத் தவிர்ப்பது நல்லது. உறக்க மாத்திரையோ வலிப்பு மருந்தோ உண்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. தூக்கக் கலக்கம் மிகலாம். வல்லாரையிலுள்ள ஆசியாட்டிகோசைடு என்னும் வேதிப்பொருள் புண் ஆற உதவுவதற்கு ஓரளவு வலுவான சான்றுகள் உள்ளன. நினைவாற்றலைப் பற்றிய ஆய்வுகளோ சிறியவை; தேர்வுக்காலத்தில் பிள்ளைகளுக்கு அதை நம்பிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கணுவில் வேர்விட்ட ஒரு துண்டுக் கொடியை நல்ல மண்ணிட்ட தொட்டியில் நட்டு, அரைநிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வீட்டுத் தேவைக்கு அதுவே போதும்.